ஓடுதளத்தின் அந்தக் கோடி

எமில் குசெரா தொப்பியைக் கையில் பிடித்தபடி தேவாலயத்தின் கீழ்க்கூடத்துக்குள் வந்தபோது, லோரெட்டா சொபோட்கா கிறிஸ்துமஸ் நாடகத்துத் தேவதைகளுக்குச் சிறகு தைத்துக்கொண்டிருந்தார். மேசை முழுக்க வெள்ளை நைலான் துணி. யாரோ ஒரு புண்ணியவான் போன வாரம் அதை மடித்துக் கதவருகே வைத்துவிட்டுப் போயிருந்தார், பெயர் சொல்லவில்லை. பழைய தையலைப் பிரித்த ஊசித் துளைகள் துணியில் நீளமான வளைகோடுகளாக ஓடின. அவை சிறகின் மடிப்புக்குள் மறையும்படி லோரெட்டா பார்த்துப் பார்த்துத் தைத்தார்.

எதிரே உட்கார்ந்து ஊசிகளுக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நார்பர்ட் பெசெக். அந்த ஊரான லிண்டன் கிரீக்கில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன் அவன்தான். பந்தய நாட்களில் ஊருக்கு வெளியே உள்ள ஓடுதளத்தில், ஒலிபெருக்கியில் தொண்டை கட்டும்வரை கத்துபவனும் அவனே. லோரெட்டா ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பல வருடம் தீ விபத்துகளைத் துப்பறிந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஏதாவது காணாமற்போனால் மக்கள் ஷெரீஃபுக்கு முன்னால் அவரிடம் வருவார்கள். மக்களுக்கும் முன்னால் நார்பர்ட் வந்து நிற்பான்.

"உக்காரு எமில். காப்பி சூடா இருக்கு," என்றார் லோரெட்டா.

எமில் உட்காரவில்லை. மேசைமேல் கிடந்த துணியைப் பார்த்தார். உடனே சுவரிலிருந்த மாதா படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் வெட்டுக்கிளியோட மேக்னெட்டோவ எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்," என்றார்.

நார்பர்ட் ஊசியைக் கீழே போட்டுவிட்டான். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பதே மேக்னெட்டோதான்; அது இல்லாமல் கார் ஓடாது.

வெட்டுக்கிளியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. எமில் தன் கொட்டகையிலேயே குழாய்களை வளைத்து, பற்றவைத்துக் கட்டிய பந்தய கார் அது. பச்சை நிறம், ஏணியைப் படுக்கவைத்தாற்போல் நீண்ட உடம்பு, முன்னால் பெரிய எஞ்சின், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் ஓட்டுபவருக்கு ஒரு சின்னக் குழி. கால் மைல் தூரத்தை மூச்சு விடுவதற்குள் கடந்துவிடும். அது வரிசையில் வந்து நிற்கும்போதெல்லாம் நார்பர்ட் ஒலிபெருக்கியில் ஒரே வசனத்தைத்தான் சொல்வான்: "தானாக் கிளம்பாது, தானா நிக்காது, தானாத் திரும்பியும் வராது. எமிலக் கட்டிக்கிட்ட பெர்னீஸுக்கு இதெல்லாம் புதுசா என்ன?" கூட்டம் சிரிக்கும். பெர்னீஸும் சிரிப்பார்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கால கார் அது. பின்னாலிருந்து ஒரு பிக்கப் வண்டி தள்ளிக்கொண்டு போனால்தான் எஞ்சின் உயிர் பெறும். ஓட்டம் முடிந்ததும் பின்னால் பாராசூட் விரிந்தால்தான் வேகம் அடங்கும். எஞ்சின் அணைந்த பிறகு யாராவது கயிறு கட்டி இழுத்து வந்தால்தான் வீடு சேரும்.

பெர்னீஸ் பிப்ரவரியில் இறந்துபோனார். ஓடுதளமும் விலைபோய்விட்டது. போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானிகள் பழகிய தளம் அது. போர் முடிந்தபின் ஊர்ப் பையன்கள் அதில் கார் ஓட்டத் தொடங்கினார்கள். தொடக்க விளக்குக் கம்பம் வருமுன் ஒருவர் கொடியோடு எகிறிக் குதித்துத்தான் பந்தயத்தைத் தொடங்கிவைப்பார். நார்பர்ட்டின் அப்பாதான் அந்தக் கொடிக்காரர். இப்போது அங்கே சரக்குக் கிடங்கு வரப்போகிறது. வரும் சனிக்கிழமைதான் கடைசிப் பந்தயம். பல வருடங்களாகக் கொட்டகையில் கிடந்த வெட்டுக்கிளியை ஒரே ஒரு தடவை ஓட்டிக்காட்டுவதாக எமில் சொல்லியிருந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள கிடைச்சாப் போதும்," என்றார் எமில். "எடுத்தவன் யாருன்னுகூட எனக்குத் தெரிய வேண்டாம். பேரச் சொல்லாதே."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டார் லோரெட்டா.

"அதுக்கப்புறம் யாரு வேணா எடுத்துக்கட்டும்."

லோரெட்டா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை நார்பர்ட்டுக்குப் பழக்கம். எரிந்த வீட்டுச் சாம்பலையும் அவர் அப்படித்தான் பார்ப்பாராம்.

மறுநாள் இருவரும் எமிலின் கொட்டகைக்குப் போனார்கள். பூட்டு உடைந்திருக்கவில்லை. சாவி எப்போதும் வாசலில் பெர்னீஸின் பூச்சட்டிக்கு அடியில்தான் இருக்கும். அது ஊருக்கே தெரியும். பூ காய்ந்து சருகாகியிருந்தது. சாவி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பூட்டிட்டுப் போயிருக்கான் பாருங்கக்கா, என்ன ஒரு மரியாதையான திருடன்," என்றான் நார்பர்ட். "கழட்டின இடத்தையும் பாருங்க. துணி வெச்சு அடைச்சு, ரப்பர் வளையம் போட்டு மூடியிருக்கான்."

எஞ்சினில் மேக்னெட்டோ உட்காரும் துளையை நீலக் கட்டம் போட்ட துணி ஒன்று மூடியிருந்தது. தூசி உள்ளே விழாதபடி நாலாக மடித்து, இழுத்துக் கட்டியிருந்தது. வெளுத்த, சுத்தமான துணி. ஓரத்தில் கையால் போட்ட பொடித் தையல்.

"இது உன் வீட்டுத் துணியா எமில்?"

"இல்ல. பெர்னீஸோட துணிமணி, சமையக்கட்டுத் துணி எல்லாத்தையும் ஆர்லீன் வாரிட்டுப் போயிட்டா. நான்தான் எடுத்துட்டுப் போன்னு சொன்னேன்." ஆர்லீன், பெர்னீஸின் தங்கை.

நார்பர்ட் காரைச் சுற்றி வந்தான். பின்னால் கான்வாஸ் பைக்குள் பாராசூட் கச்சிதமாக உப்பியிருந்தது. தட்டிப் பார்த்தான். பித்தளை வளையம் ஒன்றில் நீல நிறக் கம்பளி இழை ஒன்று சிக்கியிருந்தது. "எலி கூடு கட்டிடுச்சு போல," என்று அதை எடுத்து ஊதினான். லோரெட்டா அதைக் காற்றிலேயே பிடித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"யாரு மடிச்சது எமில்?"

"நான்தான். கை வெக்காதீங்க."

அதுவும் வழக்கம்தான். ஒருவர் மடித்த பாராசூட்டை மற்றவர் திறந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் வெட்டுக்கிளிக்கு எப்போதும் மடித்தவர் பெர்னீஸ்.

வெளியே வரும்போது லோரெட்டா சுவரைப் பார்த்தார். ஸ்பேனர்கள் தொங்கிய இடத்தில் வெறும் ஆணிகள். வாசலில் நாய்த்தட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"மேக்னெட்டோவோட ஸ்பேனரும் போயிருக்கு," என்று காரில் ஏறியதும் நார்பர்ட் ஆரம்பித்தான். "எனக்கு ஆள் தெரிஞ்சு போச்சுக்கா. ரூடி வாசெக்."

"எதனால?"

"எதனாலயா? இருபது வருஷப் பகை. எமில் சாதனை பண்ணப்போ வண்டி எடை கம்மின்னு மனு குடுத்து, அதை ரத்து பண்ண வெச்சது ரூடிதானே. அன்னையிலேர்ந்து ரெண்டு பேரும் கோயில்லகூட ஒரே பக்கம் உக்காந்தது இல்ல. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. ரூடி வண்டியிலயும் அதே மேக்னெட்டோதான். காலைல என் கடையிலயே கேட்டேன், 'உன்னுதக் கழட்டிக் குடேன், ஒரு ஓட்டத்துக்குத்தானே'ன்னு. முடியாதுன்னுட்டாரு. முகத்துல பாதி சோப்போட எந்திரிச்சுப் போயிட்டாருக்கா."

லோரெட்டா வண்டியை ஓடுதளத்துச் சாலைக்குத் திருப்பினார். அறுவடை முடிந்த சோள வயல்கள் இருபக்கமும் மொட்டையாகக் கிடந்தன.

"ரூடி இதுக்கு முன்னாடி யாருக்காவது இல்லைன்னு சொல்லிருக்காரா?"

நார்பர்ட் யோசித்தான். பந்தயக்காரர்களுக்குள் ஓர் எழுதாத சட்டம் உண்டு. எதிராளியின் வண்டி உடைந்தால் தன் பெட்டியைத் திறந்து பாகத்தைக் கொடுக்க வேண்டும். சரி செய்துகொண்டு வந்து அவன் நம்மையே ஜெயித்தாலும் கைகொடுக்க வேண்டும். ரூடி அந்தச் சட்டத்தை யாரையும்விட ஒழுங்காகக் காத்தவர். ஒருமுறை தன் கிளட்சையே கழற்றிக் கொடுத்துவிட்டு, அதே ஆளிடம் இறுதிச்சுற்றில் தோற்றிருக்கிறார்.

"இல்ல," என்று ஒப்புக்கொண்டான். "ஆனா எமில் வேற, மத்தவங்க வேற."

"ஆமா, எமில் வேறதான்," என்றார் லோரெட்டா.

ஓடுதளத்தின் உரிமையாளர் லைல் ஹென்ட்ரிக் டிக்கெட் அறையின் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய கார்கள் ஓடினால் காப்பீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள் என்பதால், நார்பர்ட்டின் சந்தேகப் பட்டியலில் இரண்டாவது இடம் அவருக்கு.

"நான் எதுக்குய்யா தடுக்கப்போறேன்? எமில்தான் என் கடைசி விளம்பரமே," என்றார் லைல். "நான்தான் அவரத் தள்ளிவிடப்போற ஆளு. என் பிக்கப்ப வெச்சுத் தள்ளுன்னு கேட்டாரு. பாவம், நல்ல மனுஷன். தன் ஸ்பேனர் மொத்தத்தையும் எனக்குக் குடுத்துட்டாரு. இனிமே எனக்கு வேலையில்லடா, நீ வெச்சுக்கோன்னாரு."

நார்பர்ட் முகம் சுருங்கியது. ஸ்பேனர்கள் திருட்டுப் போகவில்லை.

ஆர்லீன் வீட்டுக் கதவைத் தட்டியதும் உள்ளிருந்து எமிலின் கிழட்டு நாய் குரைத்துக்கொண்டு வந்தது. ஆர்லீன் கையெல்லாம் மாவு. சனிக்கிழமை ஓடுதளத்துக் கடைக்காகப் கொலாச்சி, பிளம் பழம் வைத்த இனிப்பு ரொட்டி, செய்துகொண்டிருந்தார்.

"நாயப் பாத்துக்கச் சொல்லி விட்டுட்டுப் போனாரு. எத்தனை நாளைக்குன்னா பதிலே இல்ல. ராத்திரியெல்லாம் கதவப் பாத்துக்கிட்டே படுத்திருக்கு இது," என்றார்.

"சனிக்கிழமைக்கு உன்ன என்ன பண்ணச் சொன்னாரு?"

"வர்றவங்களுக்கெல்லாம் கொலாச்சி குடுக்கணும், காசு வாங்கக் கூடாது, பெர்னீஸ் பேரச் சொல்லிக் குடுன்னாரு."

லோரெட்டா கட்டம் போட்ட துணியை எடுத்துக் காட்டினார். ஆர்லீன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, ஓரத் தையலை விரலால் தடவினார்.

"அக்கா கை தச்சது. இது எங்க கிடைச்சுது? எமில்கிட்டச் சொல்லிடாதீங்க. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்கா ஒரு தட்டு கொலாச்சிய இப்பிடி ஒரு துணியில கட்டி என்கிட்டக் குடுத்து அனுப்புவா. அவங்க சண்டை அவங்களோட, பிளம் என்ன பாவம் பண்ணுச்சும்பா. துணி மட்டும் திரும்பி வந்ததே இல்ல."

"யாருக்கு அனுப்புவாங்க?" என்றான் நார்பர்ட். கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது. "பாத்தீங்களாக்கா, நான் சொன்னேன்ல? ரூடி!"

"நீ சொன்னது சரிதான் நார்பர்ட்," என்றார் லோரெட்டா. அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை. "ஆர்லீன், உன் அக்காவுக்கு நீல நிறத்துல கம்பளிக் கோட்டு ஒண்ணு இருந்துச்சே. அதுவும் உன்கிட்டதான் இருக்கா?"

"இல்ல. அத மட்டும் எமில் குடுக்கல."

காருக்குத் திரும்பியதும் லோரெட்டா சாவியைப் போடவில்லை. இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. நார்பர்ட் தொப்பியைக் கழற்றினான். எதற்காக என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீ அவருக்கு முடி வெட்டி எவ்வளவு நாளாச்சு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எமிலுக்கா? நேத்துதான். கேளுங்க இந்தக் கூத்த. அதுக்கு முந்தின வாரம்தான் வெட்டிக்கிட்டாரு. எதுவுமே வளரல. நேத்து மறுபடியும் வந்து, 'கழுத்தோரம் ஒழுங்கா எடுடா, காலர் மேல அசிங்கமாத் தெரியக் கூடாது'ன்னாரு. வெட்ட ஒண்ணுமே இல்ல பெரிசு, பொண்ணு பாக்கப் போறியான்னு கிண்டல் பண்ணேன். சும்மா..."

அவன் நிறுத்திக்கொண்டான். நார்பர்ட்டின் அப்பா கடையை அவனிடம் ஒப்படைத்தபோது சொன்னது நினைவுக்கு வந்தது. மனிதர்கள் மூன்று சமயங்களில்தான் கழுத்தோரத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள்: கல்யாணம், நீதிமன்றம், பிறகு சவப்பெட்டிக்குள் படுக்கும்போது. மூன்றாவதற்கு அவர்களே நாற்காலியில் வந்து உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

"அக்கா," என்றான். "நான் சிரிச்சேனே."

"உனக்கு எப்பிடித் தெரியும்? ரூடி வீட்டுக்குப் போ. அப்புறம் எல்லாரையும் கூட்டிட்டு ஓடுதளத்தோட அந்தக் கோடிக்கு வா. எமில நான் கூட்டிட்டு வரேன்."

ஓடுதளத்தின் அந்தக் கோடிக்கு யாரும் போவதில்லை. பார்வையாளர் பலகைகள் எல்லாம் தொடக்கத்தில்தான். கால் மைல் கோட்டைத் தாண்டி வெகுதூரத்துக்குப் புல் முளைத்த பழைய கான்கிரீட். அது முடியும் இடத்தில் ரயில் பாதையின் உயர்ந்த மண்மேடு. வலது ஓரத்தில் ஒரு பெரிய பாப்லர் மரம். பெர்னீஸ் தன் பிக்கப்பை நிறுத்திக் காத்திருக்கும் இடம் அதன் அடியில்தான்.

மாலை வெயிலில் நாலு பேரும் அங்கே நின்றார்கள். லைல் காலால் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆர்லீன் நாயைப் பிடித்திருந்தார். ரூடி வாசெக், உயரமான, கூன் விழுந்த மனிதர், கோட்டுப் பைக்குள் இரு கைகளையும் விட்டபடி தள்ளி நின்றார். எமில் லோரெட்டாவின் காரைவிட்டு இறங்கியதும் அவரைப் பார்த்துவிட்டுத் தரையில் காறித் துப்பினார்.

"இவன எதுக்குக் கூப்ட்டே?"

"உன் மேக்னெட்டோ இவர்கிட்டதான் இருக்கு," என்றார் லோரெட்டா. "பேரச் சொல்லக் கூடாதுன்னு நீ கேட்டுக்கிட்டே. மன்னிச்சுக்கோ. சொல்லாம இருந்தா அது பெரிய பாவமாப் போயிடும்."

எமில் ஓரடி முன்னால் வைத்தார். ரூடி அசையவில்லை.

"முதல்ல திருடனப் பத்திச் சொல்றேன்," என்றார் லோரெட்டா. "கழட்டின துளைக்குள்ள ஒரு தூசி விழக் கூடாதுன்னு சுத்தமான துணி போட்டு மூடிட்டுப் போயிருக்காரு. கெடுக்க நினைக்கிறவன் ஒரு பிடி மண்ணப் போட்டிருப்பான். விக்க நினைக்கிறவன் துளையத் திரும்பிகூடப் பாத்திருக்க மாட்டான். இவரு அந்த எஞ்சின் இன்னொரு நாள் நல்லபடியா ஓடணும்னு நினைச்சிருக்காரு. இந்தச் சனிக்கிழமை மட்டும் ஓடக் கூடாது. அந்தத் துணி பெர்னீஸ் தச்சது. இருபது வருஷமா கிறிஸ்துமஸுக்குக் கொலாச்சி கட்டி ரூடிக்கு அனுப்பிச்ச துணியில ஒண்ணு."

"பெர்னீஸா? இவனுக்கா?" என்றார் எமில்.

"ஊருக்கெல்லாம் தன்னோட பாகத்தக் கழட்டிக் குடுத்த மனுஷன், உனக்கு மட்டும் முடியாதுன்னுட்டாரு. பகைன்னுதான் நார்பர்ட் நினைச்சான். பகையா இருந்தா இத்தன வருஷம் துணிய வெளுத்து மடிச்சு வெச்சிருப்பாரா? திருடினதும் குடுக்காததும் ஒரே காரணத்துக்குத்தான். அந்தக் காரணம் திருடன்கிட்ட இல்ல எமில். உன்கிட்ட இருக்கு."

காற்று மரத்தின் மஞ்சள் இலைகளை உதிர்த்தது. லோரெட்டா மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"லைல், உன்ன என்ன பண்ணச் சொன்னாரு?"

"தள்ளிவிடச் சொன்னாரு."

"ஆர்லீன்?"

"கொலாச்சி குடுக்கச் சொன்னாரு."

"நார்பர்ட்?"

"எப்பவும் சொல்றதச் சொல்லச் சொன்னாரு," என்றான் நார்பர்ட். சொல்லும்போதே அந்த வசனம் அவன் காதில் ஒலித்தது. தானாகக் கிளம்பாது, தானாக நிற்காது, தானாகத் திரும்பியும் வராது.

"சரி," என்றார் லோரெட்டா மெதுவாக. "இந்த மரத்தடியில நின்னு எமிலத் திரும்பக் கூட்டிவரப் போறது யாரு?"

லைல் ஆர்லீனைப் பார்த்தார். ஆர்லீன் நார்பர்ட்டைப் பார்த்தார். ஒருவரைக் கேட்டிருப்பார் என்று மற்றவர் நினைத்திருந்தார்கள். எமில் யாரையும் கேட்டிருக்கவில்லை.

"நீ தந்த வெள்ளைத் துணியில இன்னைக்கும் சிறகு தச்சேன்," என்றார் லோரெட்டா. "பாராசூட்டுக்குத்தான் தையல் அப்பிடி வளைஞ்சு ஓடும். அத நீ பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டே. நாய ஆர்லீனுக்கு, ஸ்பேனர லைலுக்கு. அந்தப் பைக்குள்ள பெர்னீஸோட நீலக் கோட்டத்தான் மடிச்சு வெச்சிருக்கே. பாராசூட் பைக்குள்ள கம்பளி இழைக்கு வேலை இல்ல. பாராசூட் இல்லாம ஓட்டினா வண்டி நேரா அந்த மண்மேட்டுலதான் போய் நிக்கும்."

எமில் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரூடிதான் பேசினார். வெகுநாள் பூட்டிக் கிடந்த கதவு திறப்பதுபோலக் குரல் கரகரத்தது.

"உனக்குப் பாராசூட் மடிக்கத் தெரியாதுடா. எப்பவுமே தெரியாது. அவ போயிட்டா, இவன் தப்பா மடிச்சு வெப்பான்னுதான் வந்தேன். நீ கல்லறைக்குப் போயிருந்தே. சத்தமில்லாம மடிச்சு வெச்சிட்டுப் போயிடலாம், உனக்குத் தெரிய வேண்டாம்னு பையத் தொறந்தேன். அவ கோட்டு இருந்துச்சு." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உன் முன்னாடி வந்து என்னன்னு கேக்கறது? நாம பேசறதே இல்லியே. ஷெரீஃப்கிட்டச் சொன்னா ஊரே உன்ன வேடிக்கை பாக்கும். எனக்கு என்ன தெரியும்? மேக்னெட்டோவக் கழட்டத் தெரியும். கழட்டிட்டேன். என்ன அடிக்கவாவது வருவேன்னு பாத்தேன். நீ நேரா லோரெட்டாகிட்டப் போயிட்டே."

"நீ அவ சாவுக்குக்கூட வரல," என்றார் எமில்.

"வந்தேன். வெளிய வண்டியிலயே உக்காந்திருந்தேன். உள்ள வந்தா நீ துரத்திடுவியோன்னு பயந்துட்டேன்."

லைல் பிடிக்கப் போவதற்குள் எமில் கான்கிரீட்டில் உட்கார்ந்துவிட்டார். நாய் ஆர்லீன் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிப் போய் அவர் மடியில் முகத்தைப் புதைத்தது.

"ஒவ்வொரு ஓட்டமும் முடிஞ்சதும் புகையில எதுவும் கண்ணுக்குத் தெரியாது," என்றார் எமில், நாயிடம் சொல்வதுபோல. "அப்புறம் அவ வண்டி தெரியும். காப்பியோட வருவா. ஜெயிச்சியா தோத்தியான்னு கேக்கவே மாட்டா. 'சரி, வா, வீட்டுக்குப் போலாம்'பா. அவ்வளவுதான். இந்த எட்டு மாசமா நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன். யாரும் வரல."

வந்திருக்க வேண்டியவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். ஆர்லீன் வாயைப் பொத்திக்கொண்டார். நார்பர்ட் மாதம் தவறாமல் அந்தத் தலையைத் தொட்டுச் சீவியவன்; அந்தக் கண்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வானிலை பேசியவன்.

லோரெட்டா சிரமப்பட்டுக் குனிந்து எமிலின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "அந்தத் துணியத் திருப்பித் தரட்டுமா?" என்றார்.

எமில் தலையசைத்து மறுத்தார். "வேண்டாம். பிள்ளைங்களுக்குச் சிறகா இருக்கட்டும்."

அன்று இரவு எமில் தனியாக இருக்கவில்லை. அடுத்த நாள் ஆர்லீன் அவரைப் பக்கத்து நகரத்து மருத்துவரிடம் கூட்டிப்போனார். பாதிரியார் வந்து சீட்டு விளையாடிவிட்டுப் போனார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை என்று எமில் பிற்பாடு வியந்து சொன்னார்.

சனிக்கிழமை கூட்டம் பலகைகளில் கொள்ளாமல் புல்லிலும் நின்றது. சாயங்காலம் கடைசியாக வெட்டுக்கிளி கோட்டுக்கு வந்தது. எமில் குழிக்குள் உட்கார்ந்திருந்தார். மடியில் நீலக் கோட்டு. எஞ்சினில் மேக்னெட்டோ இருந்த இடத்தில் கட்டம் போட்ட துணி. லைல் தன் பிக்கப்பைப் பின்னால் கொண்டுவந்து மெல்லத் தொட்டார்.

நார்பர்ட் ஒலிபெருக்கியை எடுத்தான். எப்போதும் சொல்லும் வசனத்தை விட்டுவிட்டான்.

"எமில் குசெரா. பெர்னீஸ் குசெரா. வெட்டுக்கிளி," என்று மட்டும் சொன்னான். ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்துவிட்டு அறிவிப்புக் கோபுரத்திலிருந்து இறங்கினான்.

சத்தமே இல்லாமல் அந்தக் கார் நகர்ந்தது. நடக்கிற வேகம்தான். அந்த ஓடுதளம் கண்டதிலேயே மிக மெதுவான ஓட்டம் அது. ஆண்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். நார்பர்ட் பக்கத்திலேயே நடந்தான். கால் மைல் கோடு வந்ததும் லைல் பிக்கப்பை நிறுத்திக்கொண்டார். கார் தன்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் உருண்டுபோய், மரத்துக்குச் சற்று முன்னால் நின்றது.

மரத்தடியில் பெர்னீஸின் பழைய பிக்கப் நின்றிருந்தது. அதிலிருந்து ரூடி பிளாஸ்கோடு இறங்கி வந்தார். மூடியில் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். பாதி கோட்டின்மேல் சிந்தியது. எமில் மீதியைக் குடித்தார்.

"சரி, வா, வீட்டுக்குப் போலாம்," என்றார் ரூடி.

"வீட்ல யாரு இருக்கா, ரூடி?"

"உன் வீட்ல யாரும் இல்லதான். என் வீட்ல சூப் இருக்கு. நாயி இருக்கு, காலைலேர்ந்து என் செருப்பக் கடிச்சுக்கிட்டு."

எமில் வெறுமையான மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேக்னெட்டோ எங்க?"

"என் அலமாரியில. வேணுமா?"

ரயில் ஒன்று மண்மேட்டின்மேல் நீளமாகப் போயிற்று. அதன் கடைசிப் பெட்டி மறையும்வரை எமில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டாலும் குடுக்காதே," என்றார்.

"குடுக்க மாட்டேன்."

"கெஞ்சுவேன்."

"கெஞ்சு. உன் சாதனையவே ரத்து பண்ணவன்டா நான்."

எமிலின் உதட்டில் ஏதோ அசைந்தது. அது சிரிப்பா அழுகையா என்று நார்பர்ட்டால் சொல்ல முடியவில்லை. ரூடி மண்டியிட்டு, காரின் முன்கம்பியில் இழுவைக் கயிற்றைக் கட்டினார். எழுந்து இரண்டடி போனவர், திரும்பி வந்து மறுபடியும் குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார்.